வீட்டில் பத்துப் பேர், ஒரு சிறுகதை, ஒரு பிளாஸ்க் காபி

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சேலம் அழகாபுரத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறீர்கள். வீட்டில் நீங்கள், கணவர், மாமியார். மாதம் ஒருமுறை எட்டுப் பத்துப் பேரைக் கூப்பிட்டுப் புத்தகம் பேச ஆசை, ஆனால் அது ‘மீட்டிங்’ மாதிரி ஆகிவிடக் கூடாது. என்ன சாப்பிடக் கொடுப்பது, எந்தப் புத்தகத்தை எடுப்பது, படிக்காமல் வருகிறவர்களை என்ன செய்வது என்று மூன்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் போகிற போக்கில் இன்னொன்றையும் போட்டிருக்கிறீர்கள்: “முதல் நாள் யாருமே வராவிட்டால்?” எனக்கென்னவோ இந்த நான்குக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி என்று தோன்றுகிறது. ஆரம்பித்தது மூன்றாம் மாதம் நின்றுபோகாமல் இருக்க என்ன வழி என்பதுதான் அது. அதை மனதில் வைத்தே பதில் சொல்கிறேன்.

நான் ஒரு கல்லூரி நூலகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அஸ்தம்பட்டி பக்கம் வீடு. 2012-லிருந்து எங்கள் வீட்டுக் கூடத்தில் மாதம் ஒரு நாள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து கதை பேசுகிறோம். நடுவே கொரோனாவில் ஒன்றரை வருடம் விட்டுப்போனது. 2012-க்கு முன்னால் இரண்டு முறை ஆரம்பித்து இரண்டு முறையும் படுத்துவிட்டது. எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்த இரண்டு தோல்வியிலிருந்து வந்தது, நூலகப் படிப்பிலிருந்து வந்தது கொஞ்சம். வாடகை வீட்டில் நடத்திய அனுபவம் எனக்கு நேராகக் கிடையாது. எங்கள் கூட்டத்துக்கு வரும் ஒருவர் சூரமங்கலத்தில் மாடி வீட்டில் இரண்டு வருடம் நடத்தினார், அவர் பட்ட பாட்டைப் பார்த்ததை வைத்து அந்தப் பகுதியைச் சொல்கிறேன். இன்னொன்று, எங்கள் ஆட்கள் பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள். உங்கள் தோழிகள் முப்பதுக்குள் இருந்தால் நான் சொல்வதில் சிலது பொருந்தாமல் போகலாம்.

நிச்சயமாகத் தெரிந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். வீட்டில் நடக்கும் வாசிப்புக் கூட்டம் புத்தகத்தால் நிற்பதில்லை, அடுப்படியால் நிற்கிறது. என் இரண்டாவது முயற்சி பதினொரு மாதம் ஓடியது. ஒவ்வொரு மாதமும் கேசரி, பஜ்ஜி, சட்னி, இரண்டு சுற்றுக் காபி. வந்தவர்கள் எல்லோரும் கதையைவிடப் பஜ்ஜியைத்தான் அதிகம் பாராட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பதினொன்றாவது மாதம் எல்லோரும் போன பிறகு தம்ளர்களை எடுத்துக்கொண்டே என் மனைவி கேட்டாள்: “அந்தக் கதையில அந்தப் பொம்பள கடைசில ஊருக்குத் திரும்பிப் போறாளா இல்லையா? மிக்ஸி ஓடிட்டிருந்துச்சு, எனக்குக் கேக்கல.” பதினொரு மாதமும் அவள் அப்படித்தான் கேட்டிருக்கிறாள், மிக்ஸிக்கும் குக்கர் விசிலுக்கும் நடுவில் அரைகுறையாக. கதைப் புத்தகத்தை என்னைவிட முன்னாலேயே படித்து முடித்தவளும் அவள்தான். அடுத்த மாதம் யாரையும் கூப்பிட எனக்கு மனசு வரவில்லை, அவளும் ஏன் என்று கேட்கவில்லை. அப்படியே நின்றது.

மூன்றாம் முறை ஆரம்பித்தபோது ஒரே ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டோம்: முதல் ஆள் படியேறிய பிறகு அந்த வீட்டில் யாரும் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. பன்னிரண்டு வருடம் தாண்டி ஓடுவதற்கு இதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன். உங்கள் வீட்டில் நீங்கள் சமையற்கட்டில் நின்றால் பேச்சு உங்களுக்கு இல்லை, மாமியார் நின்றால் அவருக்கு இல்லை. இரண்டு மாதம் சிரித்த முகத்தோடு செய்வார்கள், மூன்றாம் மாதம் ‘அன்னைக்கு எனக்கு முதுகு வலி’ என்று வரும். அதில் தப்பும் இல்லை. அவரையும் கூடத்தில் உட்கார வைத்துவிடுங்கள். படிக்கும் பழக்கம் இல்லாதவராக இருந்தால்கூட, கதையை யாராவது வாய்விட்டுப் படிக்கும்போது கேட்கப் படிப்பு எதற்கு? எங்கள் கூட்டத்தில் கதையின் ஆட்களைப் பற்றி மிகக் கறாராகத் தீர்ப்புச் சொல்கிறவர் எழுபத்தெட்டு வயதில் ஒரு பாட்டி. எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்.

சரி, தின்பதற்கு. ஏற்காட்டுக் காபித்தூளில் காலையிலேயே டிகாக்ஷன் இறக்கி வையுங்கள். ஒரு லிட்டர் பால் பத்துப் பேருக்குச் சிறிய தம்ளரில் சரியாக வரும். ஆட்கள் வருவதற்குப் பத்து நிமிடம் முன்பு கலந்து பிளாஸ்கில் ஊற்றிவிட்டால் ஒன்றரை மணி நேரம் தாங்கும், அதற்குமேல் ஒரு வாடை வந்துவிடும். அந்தக் கவலையே வேண்டாம் என்றால் சுக்குக் காபி போடுங்கள், அது எத்தனை நேரமானாலும் கெடுவதில்லை. சுண்டல் நல்லது. அரைக் கிலோ கொண்டைக்கடலையை முந்தின ராத்திரி ஊறப்போட்டால் மறுநாள் பத்துப் பேருக்குத் தாராளம். ஆறினாலும் ருசி குறையாது, கையிலும் ஒட்டாது. முறுக்கு, பொரி, வறுத்த கடலை எல்லாம் சரி. சத்தம் வரும் என்பதைத் தவிர ஒரு குறையும் இல்லை.

சேலத்தில் இருந்துகொண்டு தட்டுவடை செட், அதாவது இரண்டு தட்டைக்கு நடுவே காய்த்துருவலும் சட்னியும் வைத்துக் கொடுப்பது, வாங்காமல் எப்படி என்று கேட்பீர்கள். நானும் அப்படி நினைத்துத்தான் முதல் மாதமே பத்து செட் கட்டி வாங்கிவந்தேன். இரண்டு தப்பு நடந்தது. தட்டுவடை செட் என்பது கட்டி எடுத்து வரும் பண்டமே இல்லை, வண்டிக்காரர் கையிலிருந்து நேராக வாய்க்குப் போக வேண்டியது. அஸ்தம்பட்டி வந்து சேருவதற்குள் சட்னி ஊறி நமத்துவிட்டது. இரண்டாவது தப்புதான் பெரியது. உள்ளே இருக்கிற பீட்ரூட் துருவல், அதோடு காரச் சட்னி. அன்றைக்கு என் கையில் இருந்தது கல்லூரி நூலகத்துப் பிரதி, நாற்பத்தேழாம் பக்கத்தில் இன்றைக்கும் அந்தச் சிவப்பு இருக்கிறது. நூலகரே அபராதம் கட்டிய கதையை வேறு எங்கேயும் கேட்டிருக்க மாட்டீர்கள். இப்போது பேச்சு முடிந்த பிறகு நாலைந்து பேராக நடந்துபோய் வண்டிக் கடையில் நின்று சாப்பிடுகிறோம். கூடத்தில் வாயே திறக்காதவர்கள் அங்கே நொறுக்கலைத் தின்றுகொண்டே கதையைப் பற்றிச் சொல்வதுண்டு. மே மாதத்தில் யாராவது மல்கோவாவைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வாங்கி உள்ளே வைத்துவிட்டு, புத்தகமெல்லாம் பைக்குள் போன பிறகு அறுங்கள்.

எத்தனை பேர் என்ற விஷயத்தில் நீங்கள் சொன்ன எட்டுப் பத்து சரியான கணக்கு, ஆனால் அதற்குள் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மனிதர்கள் தானாகக் கூடிப் பேசும்போது ஒரு பேச்சில் நான்கு பேருக்குமேல் சேர்வது அரிது என்று ராபின் டன்பார் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 1995-ல் ஓர் ஆய்வில் எழுதினார்கள். ஐந்தாவது ஆள் வந்ததும் பேச்சு இரண்டாகப் பிரியத் தொடங்கிவிடும். கல்யாண வீட்டில் நாற்காலிகளைப் பார்த்தாலே இது தெரியும். அதனால் பத்துப் பேரை உட்கார வைத்துவிட்டு எல்லோரும் ஒரே பேச்சில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அப்படி இழுத்துப் பிடித்தால்தான் அது மீட்டிங் ஆகிறது. பேச்சு இரண்டாகப் பிரிந்தால் கால் மணி நேரம் விட்டுவிடுங்கள், பிறகு “அங்க என்ன சிரிப்பு?” என்று கேட்டால் தானாக ஒன்று சேரும். பன்னிரண்டுக்குமேல் போனால் எங்கள் வீட்டில் ஒருமுறைகூடச் சரியாக வந்ததில்லை. ஐந்துக்குக் கீழே போனால், யாராவது ஒருவருக்கு மனநிலை சரியில்லாத நாளில் கூட்டமே சோர்ந்துபோகிறது. பத்துப் பேரைக் கூப்பிட்டால் ஆறு பேர் வருவார்கள். அந்த ஆறுதான் உங்களுக்கு வேண்டியது.

நாற்காலிகளை வாடகைக்கு எடுக்காதீர்கள். பிளாஸ்டிக் நாற்காலி வரிசையாக வந்து இறங்கியதும் வீடு மண்டபமாகிவிடும். கூடத்தில் பாயோ ஜமக்காளமோ விரித்து, முட்டி வலிக்காரர்களுக்கு மட்டும் மூன்று நாற்காலி சுவரோரம் போடுங்கள். தரையில் எல்லோரும் உட்கார்ந்தால் யார் தலைவர் என்ற பிரச்சினை பாதி தீர்ந்துவிடும்.

அடுத்தது புத்தகம். இங்கேதான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். ஆசையில் நானூறு பக்க நாவலை எடுப்பார்கள். பத்துப் பேர் அதை வாங்க ஆளுக்கு முந்நூறு, நானூறு ரூபாய் ஆகும். மாவட்ட மைய நூலகத்தில் ஒரு தலைப்புக்கு ஒன்றிரண்டு பிரதிதான் இருக்கும். வாங்கினாலும் மூன்று பேர்தான் முடித்திருப்பார்கள். மற்ற ஏழு பேரும் குற்ற உணர்ச்சியோடு வருவார்கள், அல்லது வரவே மாட்டார்கள். நூலக அறிவியல் படித்தவர்களுக்கு எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-ல் வகுத்த ஐந்து விதிகள் மனப்பாடம். நான்காவது விதி, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அவர் அதை நூலகத்துக்குச் சொன்னார், நான் அதை என் வீட்டுக் கூடத்துக்கும் எடுத்துக்கொண்டேன். முதல் ஆறு மாதத்துக்குச் சிறுகதை மட்டும். மாதம் ஒன்று, பத்திலிருந்து பதினைந்து பக்கத்துக்குள். ஆறு மாதம் ஓடி, ஆட்கள் ஒருவருக்கொருவர் பழகிய பிறகு நாவலைப் பார்த்துக்கொள்ளலாம். நாவல் எடுத்தால் இரண்டு மாத அவகாசம் கொடுத்து, நடு மாதத்தில் பாதி வரைக்கும் மட்டும் பேசுங்கள்.

கதையை எல்லோருக்கும் எப்படிக் கொடுப்பது என்பதில் ஒரு எச்சரிக்கை. பிடிஎஃப் ஒன்றைப் பிடித்து வாட்சப்பில் தள்ளிவிடுவது சுலபம், ஆனால் உயிரோடு இருக்கும் எழுத்தாளரின் கதையை அப்படிச் சுற்றவிடுவது அவர் வயிற்றில் அடிப்பது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் காலமான ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் வரை உரிமை அவருடைய வாரிசுகளுக்கு இருக்கிறது. 1948-ல் காலமான புதுமைப்பித்தனின் கதைகள் அந்தக் கணக்கில் 2008 முடிவோடு எல்லோருக்கும் பொதுவாகிவிட்டன. இது தவிர, தமிழக அரசு பல எழுத்தாளர்களின் படைப்புகளை வாரிசுகளுக்குப் பரிவுத் தொகை கொடுத்து நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. அவற்றை மதுரைத் திட்டத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் இலவசமாகவே எடுக்கலாம். மதுரைத் திட்டம் 1998-லிருந்து தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து சேர்த்து வருவது. முதல் வருடம் முழுக்க இதிலிருந்தே ஓட்டலாம், ஒரு பைசா செலவில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: பொதுவானது மூலக் கதைதான். புதிய பதிப்பில் ஒருவர் எழுதிய முன்னுரையும் குறிப்புகளும் அவருடையவை.

படிக்காமல் வருகிறவர்களை என்ன செய்வது என்று கேட்டீர்கள். ஒன்றும் செய்ய வேண்டாம், அங்கேயே படித்துவிடுங்கள். அச்சில் ஒரு பக்கத்தை நிதானமாக வாய்விட்டுப் படிக்க இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். பத்துப் பக்கக் கதை என்றால் இருபத்தைந்து நிமிடம். ஆளுக்கு இரண்டு பக்கம் மாற்றி மாற்றிப் படித்தால் படித்து வந்தவர், படிக்காமல் வந்தவர் என்ற பேதமே போய்விடும். இது புதிதும் இல்லை. சலூனில் ஒருவர் பேப்பரைச் சத்தமாகப் படிக்க, முகத்தில் சோப்புப் போட்டவர் உட்பட நாலு பேர் கேட்டது நம் ஊர்ப் பழக்கம்தான். திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் படிக்கக் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. வாய்விட்டுப் படிக்கும்போது இன்னொன்றும் நடக்கும். கண்ணால் படித்தபோது தாண்டிப்போன ஒரு வரியில் படிக்கிறவரின் குரல் தடுமாறும். அங்கிருந்தே பேச்சு ஆரம்பித்துவிடும்.

ஆரம்பிக்கவில்லை என்றால் நான் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “எந்த இடத்துல நிறுத்தினீங்க?” கதை எப்படி இருந்தது என்று மட்டும் கேட்காதீர்கள். “நல்லா இருந்துச்சு” என்று பதில் வரும், அதோடு கதவு மூடிக்கொள்ளும். எந்த இடத்தில் நிறுத்தினீர்கள் என்று கேட்டால், முடித்தவருக்கும் ஓர் இடம் இருக்கும், பாதியில் போட்டவருக்கும் ஓர் இடம் இருக்கும். பாதியில் போட்டவர் ஏன் போட்டார் என்பது பல நேரம் மற்றவர்களின் பாராட்டைவிட உபயோகமானது. அப்புறம், கூட்டத்தை வீட்டில் நடத்துகிறவர் முதலிலும் பேசக் கூடாது, கடைசியிலும் பேசக் கூடாது. முதலில் நீங்கள் அபிப்பிராயம் சொன்னால் விருந்தாளிகள் மரியாதைக்கு ஆமாம் போடுவார்கள். கடைசியில் சொன்னால் அது தீர்ப்பு மாதிரி விழும். நடுவில் எத்தனை வேண்டுமானாலும் பேசுங்கள்.

தமிழ்க் கூட்டம் என்றாலே நமக்கு ஒரு வாய்ப்பாடு ஊறிப்போயிருக்கிறது. வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை, நன்றியுரை. வீட்டிலும் அது நுழையப் பார்க்கும். எங்கள் முதல் முயற்சி நான்கே மாதத்தில் முடிந்ததற்கு அதுதான் காரணம். ஒரு பெரியவர், நன்றாகப் படித்தவர், மூன்றாம் மாதம் ஒரு பொன்னாடையோடு வந்து எனக்குப் போர்த்தினார். நான்காம் மாதம் முக்கால் மணி நேரம் நின்றுகொண்டு பேசினார். ஐந்தாம் மாதம் அவரும் நானும் மட்டும் இருந்தோம். இப்படி ஒருவர் எல்லாக் கூட்டத்துக்கும் வாய்ப்பார். அவரை வர வேண்டாம் என்று சொல்வது நம் வழக்கமில்லை. நான் கண்டுபிடித்த வழி அவருக்கு எதிரில் உட்காராமல் பக்கத்தில் உட்காருவது. எதிரில் இருந்தால் கண்ணைப் பார்த்துப் பேசிக்கொண்டே போவார். பக்கத்தில் இருந்தால் முழங்கையைத் தொட்டு “சார், அவங்க என்னமோ சொல்ல வந்தாங்க” என்று சொல்ல முடியும். வாய்விட்டுப் படிக்கும் வேலையை அவருக்கே அதிகம் கொடுப்பதும் உதவும். இது எல்லா இடத்திலும் பலிக்குமா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன், என்னிடம் மூன்று பேரிடம் பலித்தது, ஒருவரிடம் பலிக்கவில்லை.

கதை பேசினால் சாதி வரும், அரசியல் வரும். வராத கதை பேசவே லாயக்கில்லை. வீட்டுக்குள் அது கொஞ்சம் கூடுதலாகச் சுடும், ஏனென்றால் யார் வீட்டில் தண்ணீர் குடித்தோம் என்பதும் அங்கே இருக்கிறது. தடை போடாதீர்கள். சூடு ஏறும்போது “அது கதையில எந்தப் பக்கத்துல இருக்கு?” என்று மட்டும் கேளுங்கள். புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினாலே குரல் இறங்கிவிடும். இரண்டு முறை எங்கள் வீட்டில் ஆட்கள் கோபித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒருவர் திரும்பி வந்தார், ஒருவர் வரவில்லை.

நாள் விஷயத்தில் ஓட்டெடுப்பு நடத்தாதீர்கள். ஒவ்வொரு மாதமும் எல்லோருக்கும் தோதான நாள் என்று தேடினால் அப்படி ஒரு நாள் கிடைக்காது. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, மாலை நான்கு மணி, ஆறரைக்குள் முடிவு என்று ஒருமுறை அறிவித்துவிட்டு, இரண்டு பேர் வந்தாலும் நடத்துங்கள். ஆறரை ஏன் என்றால், வரும் பெண்கள் பலருக்கு வீட்டில் ராத்திரிச் சமையல் காத்திருக்கும், டவுன் பஸ்ஸை நம்பி வருகிறவர்களும் இருப்பார்கள். சேலத்துக்கென்று சில கணக்குகள் உண்டு. ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகையின்போது ஊரில் இருக்கும் மாரியம்மன் கோயில் அத்தனையிலும் ஒரே நேரத்தில் பண்டிகை, தெருவுக்குத் தெரு ஒலிபெருக்கி. அந்த மாதக் கூட்டத்தைப் பேசாமல் விட்டுவிடுங்கள். ஆவணி, தை, வைகாசி முகூர்த்த ஞாயிறுகளில் பாதிப் பேர் மண்டபத்தில் இருப்பார்கள், அது பரவாயில்லை. சித்திரை, வைகாசியில் பகலெல்லாம் வெயில் காய்ந்துவிட்டு, சாயங்காலம் ஏற்காட்டு மலைப்பக்கம் கருத்துக்கொண்டு வந்தால் காற்றும் இடியுமாக ஒரு மணி நேரம் கொட்டும், கரண்டும் போகும். மொட்டை மாடி என்று திட்டம் போட்டாலும் கூடத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். மாடித் தரைக்கு ஒரு மணி நேரம் முன்பே இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினால்தான் உட்கார முடியும். சனிக்கிழமை வைப்பதாக இருந்தால் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு அறிவிப்பைப் பேப்பரில் பார்த்துவிடுங்கள்.

வீட்டு உரிமையாளர் விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். மாதாமாதம் ஒரே நாளில் பத்துப் பேர் ஒரு வீட்டுக்குள் போய் இரண்டு மணி நேரம் கழித்து வெளியே வந்தால் தெரு என்ன நினைக்கும்? ஏலச்சீட்டு என்றுதான் நினைக்கும். எங்கள் எதிர்வீட்டு அம்மா ஆறு மாதம் பார்த்துவிட்டு என் மனைவியிடம் ரகசியமாகக் கேட்டார், “சீட்டு மாசம் எவ்ளோங்க? எனக்கும் ஒண்ணு போட்டு விடுங்களேன்.” முதல் கூட்டத்துக்கு முன்பே கீழே போய் இன்ன விஷயம், இத்தனை பேர், இத்தனை மணிக்கு முடியும் என்று சொல்லிவிட்டு, அவரையும் ஒருமுறை வரச் சொல்லுங்கள். வருவாரா மாட்டாரா என்பது வேறு. சூரமங்கலம் நண்பரின் வீட்டு உரிமையாளர் சத்தத்தைப் பற்றி ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அவருக்குப் பொறுக்காதது இரண்டு: படிக்கட்டு முழுக்கக் கிடந்த செருப்பு, கேட்டை மறித்து நின்ற வண்டிகள். செருப்பை மேலே உங்கள் வாசலுக்குள் விடச் சொல்லுங்கள், வண்டிகளைத் தெருமுனையில் நிறுத்தச் சொல்லுங்கள். நண்பர் இதைச் சரிசெய்ய ஒரு வருடம் ஆக்கிவிட்டார், அதற்குள் உறவு கசந்துவிட்டது.

இனி, எனக்கே முடிவு தெரியாத சில. வாட்சப் குழு வேண்டுமா? நாங்கள் வைத்திருக்கிறோம், நான் மட்டும் பதிவிடும்படி பூட்டி வைத்திருக்கிறேன். திறந்துவிட்டால் காலை வணக்கப் பூக்களில் கதையின் பெயர் தொலைந்துபோகிறது. ஆனால் இளையவர்கள் குழுவிலேயே நன்றாக விவாதிப்பதையும் பார்த்திருக்கிறேன், உங்கள் ஆட்களைப் பொறுத்தது. குழந்தைகளைக் கூட்டி வரலாமா? வரக் கூடாது என்றால் பாதிப் பெண்கள் வர முடியாது. வந்தால் முதல் ஒரு மணி நேரம் பேச்சு நொண்டும். நாங்கள் வரட்டும் என்றுதான் விட்டிருக்கிறோம், உள்ளறையில் காகிதமும் கலர் பென்சிலும் போட்டு வைப்போம். ஆங்கிலப் புத்தகமும் தமிழ்ப் புத்தகமும் மாற்றி மாற்றி எடுப்பது எங்களிடம் சரிவரவில்லை, ஆங்கில மாதங்களில் பாட்டி உட்பட மூன்று பேர் வரவில்லை. மொழிபெயர்ப்புகள் சரியாக வந்தன.

எல்லோரும் ஒருமுறை ஏற்காடு போய் மலையில் உட்கார்ந்து படிக்கலாம் என்ற யோசனை உங்களுக்கும் கட்டாயம் வரும். 1820-களில் காக்பர்ன் என்ற கலெக்டர் காபிச் செடியைக் கொண்டுவந்து வைத்த மலை, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம், பனி, மிளகுக்கொடி. நினைக்க நன்றாகத்தான் இருக்கும். நாங்கள் இரண்டு முறை போனோம். இருபது கொண்டை ஊசி வளைவில் இரண்டு பேருக்கு வாந்தி. ஏரிப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். எல்லோரும் போட்டோ எடுத்தோம். ஒருவரும் ஒரு பக்கம் படிக்கவில்லை. போவதாக இருந்தால் சுற்றுலா என்று சொல்லிக்கொண்டே போங்கள், கோடை விழா நடக்கும் மே மாதத்தைத் தவிர்த்து விடுங்கள், சுவெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தை ஊருக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, யாருமே வராவிட்டால் என்ன செய்வது. 2012-ல் நாங்கள் பதினாலு பேரைக் கூப்பிட்டோம். நாலு மணிக்கு யாரும் இல்லை. நாலரைக்கு ஒருவர் வந்தார், என்னோடு வேலை பார்த்தவர், என் முகத்துக்காக வந்தவர். ஐந்து மணிக்கு ஒரு கல்லூரி மாணவி வந்தாள், வாசலிலேயே நின்றுகொண்டு “இங்கதானுங்களா சார்?” என்று கேட்டாள். என் மனைவி பாயில் இருந்தபடியே “இங்கதாம்மா, உள்ள வா” என்றாள். நாலு பேர். கதையைப் படித்து முடிக்க அரை மணி நேரம் ஆனது. பத்துப் பேருக்குக் கலந்த காபி பிளாஸ்கில் அப்படியே இருந்தது. வாடை வருவதற்குள் ஆளுக்கு இரண்டரைத் தம்ளர் குடித்துத் தீர்த்தோம், அன்று ராத்திரி எனக்கு ஒரு மணி வரை தூக்கம் வரவில்லை.